ஸ்மித் என்னும் பெயர்

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர்கள் மன்னர்களும் படைத்தலைவர்களுமே. கல்வெட்டும் செப்பேடும் அவர்களைப் பற்றியே பேசுகின்றன. உழுதவனும், நெய்தவனும், இரும்பு அடித்தவனும் வரலாற்றுக்கு என்ன விட்டுச் சென்றார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றே விடை வரும். ஆனால் இங்கிலாந்து நாட்டில் உழைப்பாளி ஒருவன் தன் தொழிலையே தன் வழித்தோன்றல்களின் பெயரில் பதித்துவிட்டுப் போயிருக்கிறான். அவன்தான் கொல்லன். அந்தப் பெயர்தான் ‘ஸ்மித்’. ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களுள் மிகுதியாக வழங்குவது இதுவே. இப்பெயர் எப்படித் தோன்றியது, எப்படி நிலைபெற்றது, உலகெங்கும் எப்படிப் பரவியது என்பதை இன்றைய உரையில் காண்போம்.

முதலில், குடும்பப் பெயர் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஆங்கிலேயர் ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று பெற்றோர் சூட்டிய இயற்பெயர். மற்றொன்று தந்தை வழியாகத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர். நம் வழக்கம் வேறு. நாம் தந்தையின் பெயரையோ அதன் முதலெழுத்தையோ சேர்த்து எழுதுகிறோம். நம் நாட்டு அடையாள ஆவணங்களில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதப்படுகிறது. மகன் தலைமுறையில் தந்தை பெயர் வரும். பேரன் தலைமுறையில் பாட்டன் பெயர் மறைந்துவிடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். சிற்றூரில் அதுவே போதுமானதாக இருந்தது. ஒரே பெயருடையவர் இருவர் இருந்தால், அவர்களைப் பிரித்தறிய ஓர் அடைமொழி சேர்த்துக் கொண்டார்கள். இது நமக்குப் புதிதன்று. ஒரே தோட்டத்தில் ஐந்து முனியாண்டிகள் இருந்தால், பெரட்டுக் களத்தில் கிராணியார் என்ன செய்வார்? நெட்டை முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி, ஆற்றோரத்து முனியாண்டி, கறுப்பாயி மகன் முனியாண்டி என்று அழைப்பார். தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் இந்த வழக்கம் தெரியும். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களும் இதே நான்கு வழிகளில்தான் பிறந்தன: உருவத்தாலும் இயல்பாலும், செய்யும் தொழிலால், வாழும் இடத்தால், தந்தையின் பெயரால்.

நம் நாட்டு வரலாற்றுப் பாடத்தில் வரும் பெயர்களைக் கொண்டே இதை விளக்கலாம். ஸ்வெட்டன்ஹாம் என்பது செஷயர் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர். அந்த ஊரிலிருந்து வந்த குடும்பத்தின் பெயர், பின்னர் நம் நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயராகி, 1972ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்தது. அதுவே இன்றைய கிள்ளான் துறைமுகம். 1875ஆம் ஆண்டில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பேராக் ரெசிடெண்டின் பெயரான ‘பர்ச்’ என்பது குளிர்நாட்டு மரம் ஒன்றின் பெயராகும். அம்மரத்தருகே குடியிருந்தவரை அப்படி அழைத்தார்கள். ‘ஜான்சன்’ என்றால் ஜானின் மகன். ‘பிரவுன்’ என்றால் பழுப்பு நிற முடியோ மேனியோ உடையவன். ‘ஸ்மித்’ என்றால் கொல்லன்.

இனி, அந்தக் கொல்லனிடம் வருவோம். ‘ஸ்மித்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். கைவினைஞன், சிறப்பாக உலோகத்தில் வேலை செய்பவன் என்பது அதன் பொருள். செருமன் மொழியின் ‘ஷ்மிட்’, டச்சு மொழியின் ‘ஸ்மிட்’, சுவீடிய மொழியின் ‘ஸ்மெட்’ ஆகியவை இதனுடன் பிறந்த சொற்கள். அடித்தல் என்று பொருள்படும் ‘ஸ்மைட்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்று சொல்வாரும் உண்டு. சம்மட்டியால் அடிப்பவன் ஆயிற்றே என்று பொருத்தமாகத் தோன்றும். ஆனால் மொழிநூலார் இதை ஏற்பதில்லை. ஒலி ஒத்திருப்பதாலேயே இரு சொற்கள் உறவாகிவிடுவதில்லை.

இச்சொல் ஒரு மனிதனின் பெயரோடு சேர்ந்து எழுதப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஏறத்தாழ 975ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் ‘எக்கார்ட் ஸ்மித்’ என்று ஒருவர் குறிக்கப்படுகிறார். இங்கே ஸ்மித் என்பது குடும்பப் பெயரன்று. எக்கார்ட் என்னும் கொல்லன் என்றுதான் பொருள். அவருடைய மகன் தச்சனாகியிருந்தால், அவன் ஸ்மித் ஆகியிருக்க மாட்டான்.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்களுடன் ஒரு புதிய பழக்கமும் வந்தது. நார்மானியப் பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரையோ சொந்த ஊரின் பெயரையோ தங்கள் பெயரோடு சேர்த்து, அதைப் பிள்ளைகளுக்கும் விட்டுச் சென்றனர். நிலம் எவனுக்கு உரியதோ அவனுக்குப் பெயரும் உரியது என்பது அவர்கள் நோக்கம். வில்லியம் மன்னர் 1086ஆம் ஆண்டில் நாட்டின் நிலங்களை அளந்து கணக்கெடுத்த ‘டூம்ஸ்டே’ ஏட்டில் இத்தகைய பெயர்களைக் காணலாம். அவற்றுள் ஒன்று ஹென்றி டி ஃபெரர்ஸ். நார்மண்டியில் இரும்பு வேலைக்குப் பெயர்பெற்ற ஃபெரியேர் என்ற ஊரிலிருந்து வந்தவர் அவர். பிரபுவின் பெயரிலும் இரும்பு இருக்கிறது. கொல்லனின் பெயரிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் பிரபுவின் பெயர் அவருக்குச் சொந்தமான ஊரைச் சொல்கிறது. கொல்லனின் பெயரோ அவனுடைய கைவேலையைச் சொல்கிறது. அவனுக்குச் சொல்லிக்கொள்ள வேறு சொத்து இல்லை.

பிரபுக்களிடம் தோன்றிய இந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் தென் இங்கிலாந்தில் முதலிலும், வட பகுதிகளில் சற்றுப் பின்னரும் பொதுமக்களிடையே குடும்பப் பெயர் வேரூன்றியது. இதற்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

ஒன்று, இயற்பெயர்கள் குறைந்து போயின. நார்மானியர் வருகைக்குப் பின் பழைய ஆங்கிலப் பெயர்கள் பல வழக்கொழிந்தன. ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று விரல்விட்டு எண்ணத்தக்க சில பெயர்களையே மக்கள் திரும்பத் திரும்பச் சூட்டினர். ஊரில் பாதிப் பேர் ஜானும் வில்லியமுமாக இருந்தால் அடைமொழி இல்லாமல் காரியம் நடக்காது. இரண்டு, பண்ணை நிலத்தைத் தந்தைக்குப் பின் மகன் உழ வேண்டுமானால், இன்னாருக்குப் பின் இன்னார் என்று பண்ணை மன்றத்தின் ஏட்டில் எழுத வேண்டியிருந்தது. தந்தையின் அடைமொழியே மகனுக்கும் எழுதப்பட்டால் உரிமை தெளிவாக இருந்தது. மூன்று, வரி. வரி தண்ட வேண்டுமானால் ஆளை அடையாளம் காண வேண்டும். சென்ற ஆண்டு எழுதிய பெயரும் இந்த ஆண்டு எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆக, ஊரார் வாயில் பிறந்த பெயரை எழுத்தர் கைதான் நிலைநிறுத்தியது. அந்த எழுத்தர்கள் பெரும்பாலும் இலத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதினார்கள். ஊரார் ‘ஸ்மித்’ என்று அழைத்தவரை ஏட்டில் ‘ஃபேபர்’ என்றும் ‘லெ ஃபெவர்’ என்றும் எழுதிவைத்தார்கள். இரண்டும் கொல்லன் என்னும் பொருளுடையவையே.

இங்கே ஒரு கேள்வி எழும். இங்கிலாந்தில் உழவர்கள்தாமே மிகுதி? அப்படியிருக்க உழவன் என்னும் பெயர் பெருகாமல், கொல்லன் என்னும் பெயர் பெருகியது ஏன்? ‘கொல்லத் தெருவில் ஊசி விற்கலாமா’ என்று நம் பழமொழி கேட்கிறது. எல்லாரிடமும் இருக்கும் பொருளுக்கு அங்கே மதிப்பில்லை. பெயருக்கும் இதே நியாயந்தான். எல்லாரும் உழும் ஊரில் உழவன் என்று ஒருவனை அழைத்தால் யாரென்று தெரியாது. ஊருக்கு ஒருவனாக இருப்பவனையே தொழிற்பெயரால் அழைக்க முடியும். அன்றைய ஆங்கிலச் சிற்றூரில் அப்படி இருந்தவர்களுள் கொல்லனே முதன்மையானவன். ஏர்க் கொழு, அரிவாள், கோடரி, கதவுக் கீல், ஆணி, குதிரை லாடம் எல்லாம் அவன் உலையிலிருந்தே வந்தன. அவன் இல்லாமல் உழவும் இல்லை, வண்டியும் இல்லை, வீடும் இல்லை. துருத்தி, பட்டடை, சம்மட்டி, குறடு ஆகியவற்றைத் தந்தையிடமிருந்து பெற்ற மகன், அத்தொழிலையே தொடர்வதும் இயல்பு. தொழில் தொடர்ந்ததால் பெயரும் தொடர்ந்தது.

ஆதலால் ஸ்மித் என்னும் பெயருடைய அனைவரும் ஒரே மூதாதையின் வழியினர் அல்லர். நூற்றுக்கணக்கான ஊர்களில் நூற்றுக்கணக்கான கொல்லர்களிடம் தனித்தனியே பிறந்த பெயர் அது. ஸ்வெட்டன்ஹாம் போன்ற ஊர்ப்பெயர் ஒரே ஊற்றிலிருந்து வரும் ஓடை. ஸ்மித் என்பதோ ஊர்தோறும் பெய்த மழை.

நேயர்களே, பெயரை ஏட்டில் எழுதுவது என்பது வெறும் எழுத்து வேலையன்று. அதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும்.

1348, 1349ஆம் ஆண்டுகளில் கொள்ளை நோய் இங்கிலாந்தைச் சூறையாடியது. மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரேனும் மாண்டனர். உழைக்க ஆள் கிடைக்கவில்லை. எஞ்சிய தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்டனர். உடனே 1349ஆம் ஆண்டில் எட்வர்டு மன்னரின் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நோய் வருமுன் வாங்கிய கூலிக்கு மேல் எவரும் வாங்கக் கூடாது என்றது அந்த ஆணை. அதில் தொழில்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. தையற்காரர், தச்சர், கொத்தர் ஆகியோருடன் கொல்லரும் ஓடு வேய்பவரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனர்.

அடுத்து வந்தது தலைவரி. 1377ஆம் ஆண்டில் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் நான்கு பென்னி கட்ட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 1379ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு வரி. 1380ஆம் ஆண்டின் இறுதியில் விதித்த மூன்றாவது வரியோ தலைக்குப் பன்னிரண்டு பென்னி. வரி ஏறியது, ஏட்டில் இருந்த பெயர்கள் குறைந்தன. 1377ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,355,000 பேர் பதிவாகியிருந்தனர். 1381ஆம் ஆண்டில் ஏறத்தாழ 896,000 பேரே பதிவாயினர். நான்கே ஆண்டுகளில் அத்தனை பேரும் இறந்துவிடவில்லை. ஏழை மக்கள் தங்கள் பெயரை எழுத்தர் கண்ணிலிருந்து மறைத்துக் கொண்டார்கள். பெயர் எழுதப்பட்டால் வரி கேட்டு ஆள் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மறைந்தவர்களைத் தேடி அதிகாரிகள் ஊர்களுக்குள் புகுந்தபோது, 1381ஆம் ஆண்டில் எசெக்சிலும் கெண்டிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களின் தலைவர் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்பவர். ஆணையில் கொல்லரோடு சேர்த்துக் குறிக்கப்பட்ட அதே தொழிலின் பெயர். கிளர்ச்சியாளர்கள் போகுமிடமெல்லாம் பண்ணை ஏடுகளைத் தேடி எடுத்துத் தீயிலிட்டார்கள். தங்களை நிலத்தோடு பிணைத்து வைத்தது அந்த எழுத்துகளே என்று அவர்கள் உணர்ந்திருந்தனர். அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள், பதினான்கு வயதுச் சிறுவரான இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் முன்னிலையில் வாட் டைலர் வெட்டப்பட்டார். அந்த இடம் இலண்டனில் உள்ள ஸ்மித்ஃபீல்டு.

ஸ்மித்ஃபீல்டு என்றதும் கொல்லர் களம் என்று பொருள் கொள்ளத் தோன்றும். அதுவும் பிழையே. மேடு பள்ளமில்லாத சமமான வெளி என்பதே அப்பெயரின் பழைய பொருள். ‘ஸ்மூத்’ என்னும் சொல்லின் பழைய வடிவம் நாளடைவில் ஸ்மித் போல ஒலிக்கலாயிற்று. பெயராராய்ச்சியில் காதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

நூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு கிளர்ச்சியில் ஒரு கொல்லரே தலைமை ஏற்கிறார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ளது கார்ன்வால். அங்கே கார்னிஷ் என்னும் தனிமொழி வழங்கியது. அம்மொழியில் ‘ஆன் கோவ்’ என்றால் கொல்லர். 1497ஆம் ஆண்டில் ஏழாம் ஹென்றி மன்னர் ஸ்காட்லாந்துப் போருக்காக வரி கேட்டார். எங்கோ வடக்கில் நடக்கும் போருக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கார்ன்வால் மக்கள் கேட்டார்கள். செயின்ட் கெவர்ன் என்ற ஊரின் கொல்லரான மைக்கேல் ஜோசப் அவர்களை இலண்டன் வரை நடத்திச் சென்றார். அவரை வரலாறு மைக்கேல் ஆன் கோவ் என்றே குறிக்கிறது. கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது, அவர் ஜூன் 27ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ‘ஆங்கோவ்’ என்னும் குடும்பப் பெயர் கார்ன்வாலில் இன்றும் வழங்குகிறது. அதுவும் ஸ்மித்தே; மொழிதான் வேறு.

இனி, தொழிலும் பெயரும் பிரிந்த கதையைப் பார்ப்போம். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், 1538ஆம் ஆண்டில், ஒவ்வொரு தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். அது முதல் ஏழையின் பிறப்பும் இறப்பும் எழுத்தில் ஏறின. அந்த நேரத்தில் எவன் ஸ்மித்தாக இருந்தானோ அவன் பிள்ளைகள் ஸ்மித்தாகவே பதிவானார்கள். ரொட்டி சுட்டாலும் சரி, ஆடு மேய்த்தாலும் சரி, பெயர் மாறவில்லை.

பெண்களின் நிலை என்ன? திருமணமானதும் கணவனின் குடும்பப் பெயரை ஏற்பது இங்கிலாந்தில் வழக்கமாயிற்று. ஆகவே தாய்வழிப் பெயர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் மறைந்தன. ஆயினும் பெண்களின் உழைப்புக்கும் சில பெயர்கள் சாட்சியாக நிற்கின்றன. பேக்ஸ்டர் என்பது ரொட்டி சுடும் பெண்ணையும், வெப்ஸ்டர் என்பது நெசவு செய்யும் பெண்ணையும், புரூஸ்டர் என்பது மது காய்ச்சும் பெண்ணையும் முதலில் குறித்தவை. இச்சொற்களின் ஈற்றில் உள்ள ‘ஸ்டர்’ பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. பின்னர் ஆண்களுக்கும் அது வழங்கலாயிற்று.

கொல்லர் இனத்தில் பல பிரிவுகள் உண்டல்லவா? அவையும் பெயர்களாயின. பொன் வேலை செய்யும் தட்டார் கோல்ட்ஸ்மித். அம்பு முனை செய்பவர் ஆரோஸ்மித். லாடம் செய்பவர் ஷூஸ்மித். லங்காஷயர் பகுதியில் வழங்கும் சிக்ஸ்மித் என்னும் பெயர் ஆறு என்ற எண்ணைக் குறிப்பதுபோல் ஒலிக்கும். உண்மையில் அது கதிர் அறுக்கும் அரிவாள் செய்தவரின் பெயர். கருங்கொல்லர் என்பதற்கு நேரான பிளாக்ஸ்மித் மட்டும் குடும்பப் பெயராக மிக அரிது. வெறும் ஸ்மித் என்றாலே இரும்புக் கொல்லர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததே காரணம்.

பெயர் எவ்வளவு தூரம் தொழிலை விட்டு விலகியது என்பதை இரு மனிதரின் வாழ்க்கையில் காணலாம். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1723ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கெர்க்கால்டியில் பிறந்தார். அவருடைய தந்தை சுங்கத்துறை அதிகாரி. சம்மட்டி பிடித்தறியாத இந்த ஸ்மித், 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் உண்மையான கொல்லரைப் பற்றிப் பேசுகிறார். ஆணி செய்து பழகாத கொல்லர் ஒரு நாளில் இருநூறு, முந்நூறு ஆணிகளே செய்வார். அவையும் நன்றாக இரா. ஆணி செய்வதை மட்டுமே தொழிலாகக் கொண்ட, இருபது வயது நிரம்பாத இளைஞர்களோ 2,300க்கு மேல் செய்வார்கள் என்று கணக்குச் சொல்கிறார். வேலையைப் பிரித்துக் கொடுத்தால் உற்பத்தி பெருகும் என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆனால் எல்லாம் செய்யத் தெரிந்த ஊர்க் கொல்லரின் காலம் முடியப் போகிறது என்னும் செய்தியும் அதனுள் அடங்கியிருந்தது.

மற்றொருவர், 1808ஆம் ஆண்டில் எடின்பரோவில் பிறந்த பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித். கத்தி செய்யும் கொல்லரைக் குறிக்கும் பெயர் நாஸ்மித் என்பர். இவர் வரைந்து 1842ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற நீராவிச் சம்மட்டி, எந்தக் கொல்லரின் தோளாலும் இயலாத பெரிய இரும்புத் தண்டுகளை அடித்து உருவாக்கியது. கொல்லர் பெயர் கொண்டவரே கொல்லரின் கைவேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்.

1837ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளிலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யத் தொடங்கியது. அதன்பின் பெயர்களை எண்ணிப் பார்க்க வழி பிறந்தது. 1853ஆம் ஆண்டளவில் அவ்விரு நாடுகளிலும் ஸ்மித் என்னும் பெயருடையோர் ஏறத்தாழ 253,600 பேர் என்று பதிவுத்துறை கணக்கிட்டது. எழுபத்து மூவரில் ஒருவர் ஸ்மித். அடுத்து வந்த பெயர் ஜோன்ஸ், ஏறத்தாழ 242,100 பேர்.

இந்த ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டாரின் வரலாற்றைச் சொல்வது. ஜானின் மகன் என்பது அதன் பொருள். வேல்ஸ் நாட்டார் நெடுங்காலம் நம்மைப்போலவே தந்தை பெயரைச் சேர்த்து வந்தவர்கள். நாம் ‘அனாக் லெலாக்கி’ என்பதுபோல அவர்கள் ‘ஆப்’ என்பார்கள். ரீஸ் என்பவரின் மகன் ‘ஆப் ரீஸ்’. ஹவெல் என்பவரின் மகன் ‘ஆப் ஹவெல்’. 1536ஆம் ஆண்டு முதல் வேல்ஸ் ஆங்கிலச் சட்டத்தின் கீழ் வந்த பின், இவை சிறிது சிறிதாக ஆங்கிலேயரின் முறைக்கு மாறி உறைந்தன. ஆப் ரீஸ் ‘பிரைஸ்’ ஆனார். ஆப் ஹவெல் ‘பவல்’ ஆனார். அதன்பின் அந்தப் பெயர்கள் யாருடைய தந்தையையும் குறிக்கவில்லை.

கொல்லர் இல்லாத நாடில்லை. ஆகவே ஸ்மித் இல்லாத நாடும் அரிது. செருமனியில் ஷ்மிட், பிரான்சில் லெஃபெவ்ர், அங்கேரியில் கோவாச், போலந்தில் கோவல்ஸ்கி, ரஷ்யாவில் குஸ்னெட்சோவ், அரபு நாடுகளில் ஹத்தாத், ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் மெக்கவன். விலையுயர்ந்த பந்தயக் கார்களுக்குப் பெயராகிவிட்ட ‘ஃபெராரி’ கூட இத்தாலியில் மிகப் பரவலாக வழங்கும் கொல்லர் பெயர்தான்.

அமெரிக்காவில் இப்பெயர் வேறொரு கதையையும் சுமக்கிறது. அங்கே குடியேறிய செருமானியர் பலர் ஷ்மிட் என்பதை ஸ்மித் என்று மாற்றிக் கொண்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களுக்கோ குடும்பப் பெயர் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. உடைமையாளனின் கணக்கேட்டில் அவர்கள் வெறும் இயற்பெயராகவே இருந்தார்கள். 1865ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்ததும், பள்ளியில் சேரவும், மணம் புரியவும், கூலி ஒப்பந்தம் எழுதவும் அவர்களுக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. சிலர் பழைய உடைமையாளரின் பெயரை வைத்துக் கொண்டார்கள். சிலர் தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2010ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் ஸ்மித் என்னும் பெயருடையோர் 24 இலட்சத்துக்கு மேல். அவர்களுள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். அவர்கள் பெயரில் ஆங்கிலக் கொல்லன் இருக்கிறான். அவர்களுடைய மூதாதையரின் ஆப்பிரிக்கப் பெயர்கள் இல்லை.

அன்பர்களே, இதுவரை பார்த்தவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? குடும்பப் பெயர் ஒரு பெருமைச் சின்னமாகப் பிறக்கவில்லை. ஊரார் அழைத்ததை எழுத்தர் எழுதினார். வரிக்காகவும் நிலத்துக்காகவும் எழுதினார். சிலர் அந்த ஏட்டுக்கு அஞ்சி ஒளிந்தார்கள். சிலர் அதைக் கொளுத்தினார்கள். வேறு சிலர் அதில் தங்கள் பெயரும் இடம்பெறும் நாளுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஆனாலும் எழுதப்பட்ட அந்த ஒரு சொல்லால்தான், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் உலையின்முன் நின்றான் என்பதை நாம் இன்று அறிகிறோம். அவன் முகமும் குணமும் நமக்குத் தெரியா. அவன் வேலை மட்டும் தெரிகிறது.

நம் முறையில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. தந்தை யார் என்பதை நம் பெயர் சொல்லும். அவர் என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்லாது. பாட்டன் பெயரையோ அது அறவே விட்டுவிடும். பால்மரம் வெட்டியவரும், சடக்குப் போட்டவரும், இரயில் பாதைக்கு மண் சுமந்தவரும் நம் முன்னோர்களே. பள்ளியில் வரலாறு கற்பிக்கும் நாங்கள், பாட்டனின் பெயரென்ன என்று மாணவர்களைக் கேட்டால் பலர் சொல்கிறார்கள். பாட்டனின் தந்தை பெயரைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியை நிரப்பக்கூடிய முதியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஆகவே மாணவர்களே, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு, நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். பெயருக்கு எதிரே அவர் பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், செய்த வேலை ஆகியவற்றைக் குறியுங்கள். பாட்டிமார்களின் பெயர்களையும் தவறாமல் சேருங்கள். ஆங்கிலேயக் கொல்லனின் பெயரை வரி எழுதிய எழுத்தர் காப்பாற்றினார். நம் முன்னோரின் பெயரை எழுத வேறு எழுத்தர் வரப்போவதில்லை. அந்த வேலை நம்முடையது.